வரிசை எண் பதினேழு

சனிக்கிழமை, காலை 7.10. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில், கெர்ட்ரூட் ஆன்டி உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். மடியில் பை. பைக்குள் போர்வை, ஒரு பாக்கெட் பிஸ்கட், டயாலிசிஸ் அட்டை. ஆறு மணிக்கு வர வேண்டிய வேன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை, வியாழக்கிழமையும் வரவில்லை.

அவரைக் கடந்துதான் கட்டடமே வேலைக்குப் போனது. தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். இரண்டு பேர் குட்மார்னிங்கூடச் சொன்னார்களாம். யார் வீட்டில் எந்த மீன் பொரிகிறது என்று லிஃப்டிலேயே கண்டுபிடித்துவிடும் கட்டடம் இது. ஒரு வாரமாக ஒரு வேன் வராததை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

திங்கட்கிழமை மழையில் அடக்கம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை, காலை 10.05. கடைவீட்டு மாடியில் இரண்டே அறைகள். சிறுநீரக நோயாளிகளை இலவசமாக ஏற்றி இறக்கும் வேன் சேவையின் அலுவலகம் அதுதான். கெர்ட்ரூட்டின் மகன் டேரன் கையில் ஒரு புகார்த் தாளோடு நின்றான். வேன் ஓட்டும் ரோனியின் பெயர் அதில் இருந்தது.

"பன்னெண்டு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன் போறேன். என் அம்மாவ கொன்னது இவன்தான்."

"போன்ல பேரு வந்தாத்தானே நான் ஏத்த முடியும்? வரவே இல்ல, பாஸ்," என்றான் ரோனி. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"பொய் சொல்லாதடா!" மேசைக்குப் பின்னாலிருந்து இராஜம்மா கணினித் திரையைத் திருப்பினார். இருபது வருடமாக அலுவலகத்தைக் கட்டியாள்பவர். "இந்தா பாரு. பதினேழாவது வரிசை. கெர்ட்ரூட், வீட்டு நம்பர், செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி. எல்லாம் கரெக்டா இருக்கு லா."

டேரனுடன் வந்திருந்த சாண்ட்ரா குனிந்து பார்த்தாள். அதே அடுக்குமாடியின் நான்காவது மாடிக்காரி. கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. ஒரு கணினியில் இருக்கும் பெட்டி இன்னொரு கணினியில் ஏன் இல்லை என்று தேடுவதுதான் தொழில். கட்டடத்தில் அதற்குப் பெயர் "ஏதோ டைப்பிங் வேலை".

"ஆன்டி, இதுல எழுதினா ரோனி போனுக்கு எப்படிப் போகுது?"

"தானாப் போகும். புது வரிசை சேர்த்தா அவன் நாள்காட்டியில பேரு ஏறும். இந்தக் கட்டத்துல மெனிங்கால்னு மாத்தினா…" இறந்தவர் என்பதற்கான அந்த மலாய்ச் சொல்லைச் சொல்லிவிட்டு, கெட்டது அண்டாதிருக்க இராஜம்மா மேசையை இருமுறை தட்டினார். "இறந்தவங்க பேரு தானா இறங்கிடும்."

சாண்ட்ரா தானியங்கி வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். எல்லாம் பச்சை.

"தப்பு நடந்திருந்தா சிவப்பு காட்டும். ஒண்ணுகூட இல்ல," என்றாள்.

"பாத்தியா? மிஷின் சரி, நானும் சரி. இவன்தான்."

மேசையில் எழுத்தை மறைக்கும் வெள்ளை மை பாட்டில் ஒன்று இருந்தது. எல்லாமே கணினியில் நடக்கிற அலுவலகத்தில் அதற்கு என்ன வேலை? பக்கத்தில் கிடந்த பழைய பேரேட்டைச் சாண்ட்ரா புரட்டினாள். பல வரிகளில் வெள்ளைத் திட்டு, அதன்மேல் இன்னொரு பெயர்.

10.40.

"ரோனி, இன்னைக்குக் காலையில போன் என்ன சொல்லிச்சு?"

"அஞ்சு பேரு, அக்கா. அதுல ஒண்ணு செத்தவரு. பரமேஸ்வரன் அங்கிள். தகனம் பண்ணி மூணு வாரமாச்சு. இன்னமும் ஆறு மணிக்கு அவர் பேருக்கு மணி அடிக்குது. செத்த வீட்டு வாசல்ல போயி ஹாரன் அடிக்கவா முடியும்? தள்ளி விட்டுட்டுப் போயிடுவேன்."

"ஆபீஸ்ல சொல்லலியா?"

"ஒரு தடவ சொன்னேன். காலங்காத்தால சாவப் பத்திப் பேசாத, வாயக் கழுவுன்னு ஆன்டி தொரத்துனாங்க."

இராஜம்மா ஜன்னலைப் பார்த்தார். கீழே எதிர்ப்புறக் கடையில் ரொட்டி தட்டும் சத்தம்.

சாண்ட்ரா அட்டவணையில் பரமேஸ்வரன் என்று தேடினாள். இல்லை. கடைசி வரிசைக்குப் போனாள். அறுபத்து மூன்று.

"ஆன்டி, கெர்ட்ரூட் ஆன்டி சேர்ந்தது போன வாரம் திங்கட்கிழமை. புதுசா வந்தவங்க அறுபத்து நாலுல இருக்கணும். பதினேழுல எப்படி வந்தாங்க?"

சாண்ட்ரா அந்த வரிசையைச் சொடுக்கினாள்.

"இந்த வரிசை உண்டான தேதி இங்க இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி. இது பரமேஸ்வரன் அங்கிள் வரிசை."

டேரன் தாளை இறக்கினான்.

"அவர் பேர அழிச்சிட்டு அதே இடத்துல இவங்க பேர எழுதியிருக்காங்க. மிஷின் வரிசையத்தான் பாக்கும், பேரப் பாக்காது. புது வரிசை சேரல, அதனால பேரு ஏறல. மெனிங்கால்னு மாத்தல, அதனால பழைய பேரு இறங்கல. மிஷினுக்கு வேலையே வரல. அப்புறம் எங்க சிவப்பு காட்டும்? ரோனி போன்ல ஒரு வாரமா கெர்ட்ரூட் ஆன்டியோட நேரத்துக்கு, பரமேஸ்வரன் அங்கிள் பேர்ல மணி அடிச்சிருக்கு. இதச் செஞ்சது நீங்கதான், ஆன்டி."

இராஜம்மா வெள்ளை மை பாட்டிலை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். பேசியபோது குரல் பாதியாகியிருந்தது.

"அந்த வார்த்தைய என் கையால அழுத்த மனசு வரல. பேரேடு இருந்த காலத்துலயும் ஒருத்தருக்கும் அப்படி எழுதினதில்ல. வெள்ளை பூசிடுவேன், மேல அடுத்தவங்க பேரு. ஒரு சீட்டு காலியாச்சு, ஒருத்தங்கள உக்கார வெச்சேன். அவ்ளோதான்னு நெனச்சேன்." பிறகு, யாரும் கேட்காமலே, "செவ்வாய்க்கிழமை அவங்க போன் பண்ணாங்க. திரையப் பாத்துட்டு, பேரு இருக்கு, வேன் வரும்னு சொன்னேன். வியாழக்கிழமையும் அதையேதான் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லவே இல்ல," என்றான் டேரன். தொலைவில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் புது வேலை. விடியும் முன்பே கிளம்பிவிடுவான். "டெய்லி சாயங்காலம் கேப்பேன். எல்லாம் ஓகே லா, நீ வேலையப் பாருன்னுவாங்க. நான் லீவு போட்டா வேலை போயிடும்னு பயம்."

11.50. போலீசுக்குப் போக இன்னும் பத்து நிமிடம். டேரன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ரோனியைப் பார்க்க முயன்றான், முடியவில்லை. ரோனியும் பார்க்கவில்லை.

"ஆன்டி, வியாழக்கிழமைக்குப் புதுசா ஒருத்தர் காத்திருக்காருன்னு இந்தக் குறிப்புல இருக்கே?" என்றாள் சாண்ட்ரா. "அவர அறுபத்து நாலுல சேருங்க. அதுக்கு முன்னாடி பதினேழ முடிங்க."

சுட்டி அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. திறந்த பட்டியலில் அந்தச் சொல் கடைசியில் இருந்தது.

"அழுத்துங்க ஆன்டி," என்றான் டேரன். "என் அம்மாதானே."

இராஜம்மா அழுத்தினார்.

இரண்டு வினாடி கழித்து ரோனியின் கைப்பேசி ஒலித்தது. எல்லோரும் திரும்பினார்கள். அவன் எடுத்து, வாய்விட்டே படித்தான்.

"பரமேஸ்வரன், காலை ஆறு மணி. நீக்கப்பட்டது."

டேரன் இன்னொரு மணிக்காகக் காத்து நின்றான். கெர்ட்ரூட்டின் பெயரை நீக்க, அது அந்தக் கைப்பேசிக்கு ஒரு நாளும் வந்ததே இல்லை.