பெரியவன் இருக்கிறான்

திரையில், செத்துப்போன சர்வரின் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது.

சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தான். ஒரு கடையின் இணையதளத்தை இரண்டு சர்வர்கள் தாங்கின. அவற்றுக்குப் பெரியவன், சின்னவன் என்று தங்களை வீட்டில் கூப்பிடும் பெயரையே வைத்தது அண்ணன்தான். வரும் வேலையைப் பிரித்துவிடும் லோட் பேலன்சர் ஓயாமல் "இருக்கியா?" என்று கேட்கும். பெரியவன் "இருக்கேன்" என்று சொல்லும்வரை வேலையெல்லாம் அதற்குத்தான். பதில் நின்றால் அத்தனையும் சின்னவன் தலையில். பெரியவன் பிழைத்து வந்துவிட்டால் சின்னவன் மறுபடியும் சும்மா நிற்க வேண்டும். "அண்ணன் எப்ப சாவான், திண்ணை எப்ப காலியாகும்னு நிக்கிற பய. உன்னை மாதிரியே!" என்று அண்ணன் சிரிப்பான்.

அண்ணன் சாலை விபத்தில் போய் இரண்டு மாதம். அதே வாரம் பெரியவன் சர்வரும் படுத்துவிட்டது. அதைக் கழற்றி மேசைக்கடியில் போட்ட தம்பி, லோட் பேலன்சரிலிருந்து அதன் பெயரை மட்டும் எடுக்கவில்லை. தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமா அது? மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது குனிந்து பார்த்தான். பெட்டியில் ஒரு வயர்கூட இல்லை, தூசிதான் படிந்திருந்தது. தொட்டால், காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.

பக்கத்து அறையில் அம்மா. அவளுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பெரியவன் போனதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அன்றுதான் செத்தான் என்பதுபோல் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். மறுநாள் மறந்துவிட்டு அவனைத் தேடுவாள். பெற்ற வயிறு எத்தனை முறை பற்றி எரியும்? ஒருநாள் "பெரியவனே, இருக்கியா?" என்று அவள் கூப்பிட்டபோது, "இருக்கேம்மா" என்று இவனே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மாவுக்கு இவன்தான் பெரியவன். ஒரே ஒரு தடவை "சின்னவனே" என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று ஏங்கியே இவன் பாதியாகிவிட்டான்.

வெளியே சாயங்கால மழை ஜன்னல் கண்ணாடியில் வழிய, அதன் சத்தத்துக்கு அடியில் யாரோ ஈரச் செருப்பை இழுத்து இழுத்து நடப்பதுபோல் இன்னொரு சத்தமும் கேட்க, அறைக்குள் பெட்ரோலும் நனைந்த சட்டையும் கலந்த வாடை மெல்லப் பரவியது. திரையில் எண்கள் மாறின. சின்னவனிடம் இருந்த வேலை பாதியானது. கால்வாசியானது. பூஜ்யமானது.

எல்லாம் பெரியவனிடம் போய்விட்டது.

"பெரியவனே, இருக்கியா?"

இவன் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது.

"இருக்கேம்மா."

அம்மாவின் அறைக்குள்ளிருந்து.

ஓடினான். கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கட்டிலில் அம்மா. அவளுக்குப் பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது.

"அம்மா..."

திரும்பினாள். எத்தனையோ மாதமாக இல்லாத தெளிவு அந்தக் கண்களில்.

"யாருப்பா நீங்க? சின்னவன்கூட வேலை பாத்தவங்களா?"

"நான்தாம்மா சின்னவன்."

"அவன் போய் ரெண்டு மாசமாச்சேப்பா." உதடு துடித்தது. "ஐயோ, என் சின்னவனே..." என்று இருட்டுப் பக்கம் திரும்பி வாய்விட்டு அழுதாள்.

எந்த அழைப்புக்காகத் தவம் கிடந்தானோ, அது வந்தேவிட்டது.

"இருக்கேம்மா!"

அவள் திரும்பவில்லை.

"இருக்கேம்மா! இங்கதான் இருக்கேன்!"

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு அம்மாவின் கண்ணைத் துடைத்தது. மெதுவாக. பாசமாக. அதன் முழங்கை வரை சாலைத் தார் அப்பியிருந்தது.