நிலா அறையும் முருங்கைக்காயும்

செலின் மேரியின் பெரியப்பா கில்பர்ட், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனிதன் நிலாவில் கால் வைத்து மூன்று வருடம் ஆகியிருந்த சமயம் அது. இனிமேல் தம்பி வீட்டோடு இருந்துவிடலாம் என்று வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா வந்தாரா? பாரிசில் இருந்த தன் கூடத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்!

தெருப்பக்கத்து அறை விண்கலமாக மாறியது. சன்னல் வட்டமானது. உட்கூரைக்கு வெள்ளிப் பூச்சு. தரையில் வெள்ளைக் கம்பளம். நடுவே ஆள் உயர வெள்ளை முட்டை ஒன்று. ஒரு பக்கம் மட்டும் திறப்பு, உள்ளே சிவப்பு மெத்தை. அதுதான் நாற்காலியாம்!

"இன்னா பெரியப்பா, இது குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டாள் செலின்.

"நான்தான்டி அந்தக் குஞ்சு!" என்று பெரியப்பா உள்ளே ஏறிச் சுருண்டுகொண்டார்.

ஊரே வந்து பார்க்கும், உட்கார்ந்து பேசும் என்று அவருக்கு ஆசை. முதலில் வந்தது பக்கத்து வீட்டு அந்தோணி மேரி அத்தைதான். கையில் மீன்குழம்புச் சட்டி. பெரியப்பா முட்டைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பி அரைத் தூக்கத்தில் இருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டதும், "ம்... சொல்லு," என்றார்.

முட்டைக்குள் அந்தக் குரல் கனத்துக் கேட்டது. மாதா கோயிலில் செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்து சாமியார் பேசுவது போலவே இருந்தது. அத்தைக்குக் கால் தானாக மடங்கியது. முழந்தாளிட்டு, "சாமி, நான் பாவி. சொல்தா வூட்டு முருங்கைக்காயை நான்தான் பறிச்சேன்," என்று சொல்லியே விட்டார்!

சொல்தா என்றால் பிரெஞ்சில் படைவீரர். ஊரில் பெரியப்பாவுக்கு அதுதான் பெயர்.

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை சட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டமெடுத்தார். அதன் பிறகு எவரும் படியேறவில்லை. வட்டச் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஒரு மாலை பெரியப்பா முட்டைக்குள் இருந்தபடியே, "நான் பாரிசுக்கே போயிடறேன்டி. இங்க பேச ஆளே இல்ல," என்றார்.

பெரியப்பா இல்லாத வீட்டைச் செலினால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க சிரிச்சிருக்கக் கூடாது பெரியப்பா. அத்தைக்கு எவ்ளோ வெக்கமா இருக்கும்! எறங்குங்க."

"எதுக்குடி?"

"இப்ப உங்க முறை."

அவள் அத்தை வீட்டுக்கு ஓடினாள். "அத்தை, பெரியப்பா உங்ககிட்ட ஒன்னு சொல்லணுமாம்."

"ஏன், மறுபடியும் சிரிக்கவா?"

"இல்லத்தை. இந்த வாட்டி நீங்கதான் முட்டைக்குள்ள."

அத்தைக்கு ஆவல் தாங்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, முட்டைக்குள் ஏறி உட்கார்ந்தார். சன்னலில் ஊர்த் தலைகள் முளைத்தன. பட்டாளத்துக்காரர் கம்பளத்தில் முழந்தாளிட்டார்.

"நான் சிரிச்சது தப்பு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இன்னொன்னும் இருக்குது. உன் குழம்புச் சட்டியை நான் திருப்பி அனுப்பல. அதை வாங்கவாவது யாராவது வருவாங்கன்னு வச்சிருக்கேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. முட்டைக்குள் இருந்து அத்தை தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. பிறகு சாமியார் குரலிலேயே தீர்ப்பு வந்தது:

"அபராதமா நாலு முருங்கைக்காய் குடுத்தனுப்பு. சட்டியில மறுபடியும் குழம்பு வரும்."

சன்னல் தலைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. அப்புறம் ஒவ்வொன்றாக வாசல் வழியே உள்ளே வந்து, கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தன.

மறுநாளில் இருந்து முட்டைக்குள் ஏறித் தீர்ப்புச் சொல்ல வரிசைதான். பெரியப்பா பாரிஸ் பேச்சை எடுக்கவே இல்லை. வீட்டு முருங்கை மரத்தில்தான் அந்த வருடம் ஒரு காய்கூட மிஞ்சவில்லை.