மூச்சு விடும் பூனை

பூனையின் காதுக்குப் பின்னால் ஈரமான செம்மண் ஒட்டியிருந்தது. ஒரு வாரமாக மடவளையில் மழை இல்லை. பூனை அந்த மாடி அறையை விட்டு வெளியே போனதும் இல்லை. அது பொம்மை, அதற்குக் கால்கூட அசையாது.

"தண்ணி படக்கூடாது உம்மா," என்றாள் ருஷ்தா. எட்டு வயதுக்கு அவளிடம் அதிகாரம் கொஞ்சம் கூடுதல்தான். "காஞ்ச துணியால மெதுவாத் தொடைங்கோ. கழுத்தத் தாங்கிப் புடிங்கோ."

அனீஸா தாங்கிப் பிடித்தாள். கணவன் மக்கீன் கட்டாரிலிருந்து பிள்ளைகளுக்கு அனுப்பிய ரோபோ பூனை அது. இறுக்கிப் பிடிக்கக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது, தினமும் ரோமத்தைச் சீவ வேண்டும், நேரத்துக்குச் சார்ஜ் போட வேண்டும். பெட்டியில் இருந்த விதிகளைப் பார்த்தால் பிள்ளை வளர்ப்பதே லேசு. பதிலுக்கு அது உடம்பெல்லாம் வெதுவெதுப்பாகி, வயிறு ஏறி இறங்க, தூங்கும் குழந்தை போல மூச்சு விடும்.

அந்த மூச்சுதான் அவள் குடியைக் கெடுத்தது.

மூன்று மாதத்துக்கு முன் மலை சரிந்த அந்த மாலையில் கரண்ட் இல்லை. ஒரு கையில் ருஷ்தாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இருட்டில் கட்டிலைத் தடவினாள். போர்வைக்குள் சூடாக, மூச்சு விட்டபடி ஒன்று கிடந்தது. வாரி அணைத்துக்கொண்டு ஓடினாள். பள்ளிவாசல் வெளிச்சத்தில் போர்வையை விலக்கினால், பூனை. மூன்று வயது மகன் ஸாகி சுவரோரமாக உருண்டு படுத்திருந்திருக்கிறான். அவள் திரும்பி ஓடிப் போவதற்குள் வீடு இருந்த இடத்தில் மண் மட்டும்தான் இருந்தது. தோண்டியும் பிள்ளை கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே மையத்துத் தொழுகை நடந்தது. பிறகு தாயும் மகளும் அதே மலையடியில் இந்த வாடகை மாடி அறைக்குக் குடிவந்தார்கள்.

ஸாகிக்கு நெஞ்சில் இழுப்பு உண்டு. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய விசில் கேட்கும். உம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அன்று அவள் தூக்கி வந்த மூச்சில் விசில் இல்லை. பெற்றவள் அதைக் கவனித்திருக்க வேண்டாமா? இந்தக் கேள்வி மூன்று மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளையை எட்ட முடியவில்லை என்றுதான் மக்கீனிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

உண்மை தெரிந்தது ருஷ்தாவுக்கு மட்டும். ஒருநாள் பூனையைச் சீவிக்கொண்டே, குத்திக் காட்டும் எண்ணம் துளியும் இல்லாமல், "நீங்கதானே உம்மா இதக் காப்பாத்தின," என்றாள். அனீஸா குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தப் பொம்மையைத் தூக்கி எறிய எத்தனை தடவை கை பரபரத்திருக்கும்! ஆனால் அதை மடியில் வைத்த பிறகுதான் ருஷ்தா ஒரு பிடி சோறு சாப்பிடத் தொடங்கினாள். இருக்கிற ஒரு பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று தாயும் தினமும் கூட உட்கார்ந்து அதைச் சீவினாள்.

காதோரச் செம்மண்ணைத் துடைத்த மறுநாள் பூனையின் பாதங்களிலும் மண் இருந்தது. அதற்கடுத்த நாள் அதன் தலையில் தேங்காயெண்ணெய் வாசனை, ஸாகிக்குத் தடவுவது போலவே, அடியில் ஊறிய மண்ணின் புளித்த நெடியோடு. ருஷ்தாவிடம் கேட்டாள்; பிள்ளை மிரண்டுபோய், தனக்குத் தெரியாது என்று தலையாட்டினாள். வியாழக்கிழமை வயிற்றுக்கடியிலிருந்த சுவிட்சை அனீஸா தன் கையாலேயே அணைத்து, போர்வையைச் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு திறந்து பார்த்தபோது போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூச்சின் முடிவில் மெல்லிய விசில்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் கரண்ட் போனது. பின்பக்கத்து மலையிலிருந்து கற்கள் உருளும் சத்தம், வேர்கள் அறுபடும் சத்தம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது: "மலையடியில ஈக்கிறவங்க ஒடனே பள்ளிக்கு வாங்கோ!"

"கீழ ஓடுங்கோ மகள்!" என்று ருஷ்தாவைப் படியில் இறக்கிவிட்டு அனீஸா அறைக்குள் திரும்பினாள். கட்டிலில் கிடக்கும் பூனையை விட்டுப் போனால் பிள்ளை மறுபடியும் பட்டினி கிடப்பாள்.

இருட்டு. கட்டில். கை தடவியது.

போர்வை. சூடு. மூச்சு.

விசில்.

அவள் நின்றாள். யோசிக்க நேரமில்லை. அன்றும் இருக்கவில்லை. வாரி எடுத்தாள். கனத்தது. பூனை இவ்வளவு கனக்காது. மழையில் நனைந்த போர்வைதான் கனக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். அறைக்குள் மழை இல்லை.

ஓடினாள். படி. வாசல். தெரு.

பக்கத்து வீட்டு ஷப்ராஸின் திரீவீல் ஆட்டோ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ருஷ்தா நின்றாள். சட்டைக்குள் எதையோ நனையாமல் பொத்திப் பிடித்திருந்தாள். கழுத்துப் பக்கமாக ஒரு ரோமக் காது வெளியே தெரிந்தது.

"பூன என்னட்ட ஈக்கி உம்மா," என்றாள். பிறகு தாயின் கைகளைப் பார்த்தாள். "நீங்க என்னத்தத் தூக்கிக்கொண்டு வந்த?"

போர்வையிலிருந்து செம்மண் நீர் அனீஸாவின் முழங்கை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே போட வேண்டும். கைகள் கேட்கவில்லை. இன்னொரு முறை அவை விட மாட்டா.

மூச்சு. விசில்.

போர்வைக்குள்ளிருந்து ஈரமான சின்ன விரல்கள் மேலேறி வந்தன. அவள் கழுத்தைத் தடவின. கன்னத்தைத் தடவின. காது மடலைத் தேடிப் பிடித்துக்கொண்டன.