அடைச்சூடு

காலையில் முட்டைகளைப் பெருக்கல் குறி மேலே தெரியும்படிதான் வைத்துவிட்டுப் போயிருந்தாள் கனகம். மத்தியானம் தெர்மகோல் பெட்டியின் மூடியைத் தூக்கியபோது ஒரு முட்டையில்கூடப் பெருக்கல் குறி இல்லை. எல்லாம் வட்டம். ஒரு பக்கம் பெருக்கலும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டுவைத்தவள் அவள்தான். தாய்க்கோழி அலகால் உருட்டிவிடுவதை இங்கே வேளாவேளைக்குக் கையால் செய்யவேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். இன்று அவளுக்கு முன்னால் யாரோ அந்த வேலையை முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த சென்னியப்பனிடம் கேட்டாள்.

"ஏனுங்க, மத்தியானம் சோத்துக்கு வந்தப்ப பொட்டியத் தொறந்தீங்களா?"

"நான் எதுக்குப் புள்ள அதத் தொடறேன்? தொட்டா நீதான் கையத் தட்டி உடுவியே."

பிள்ளை பெற்றவளுக்கு மறதி கூடும் என்று ஊரே சொல்கிறது. அதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பெட்டி சென்னியப்பன் கைவேலை. சூலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருப்பவன். எட்டாம் மாதமே பிறந்துவிட்ட பையனைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு போட்டு வைத்திருந்தார்கள். கனகம் அழுதுகொண்டு நிற்க, இவன் அந்தப் பெட்டியைச் சுற்றிச்சுற்றி வந்து ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தான். ஆம்பளைக்கு வேறென்ன தெரியும். பையனைத் தூக்கிக்கொண்டு வீடு வந்த பிறகு அதே யோசனையில் இதைச் செய்தான். நாற்பது வாட் பல்பு, பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட், ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்.

செய்யவேண்டிய அவசியமும் வந்திருந்தது. தொண்ணூற்றாறு ஐப்பசி அது. வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் வரிசையாகச் செத்துப்போய், அடையில் உட்கார்ந்திருந்த கருங்கோழி ஒன்றுதான் மிச்சம். கனகத்துக்குப் பால் பற்றவில்லை. பையன் சப்பிச்சப்பிக் களைத்துத் தூங்கிப்போவான். நாட்டுக்கோழிச் சாறு குடித்தால் பால் ஊறும் என்று சென்னியப்பன் கூடையிலிருந்து அந்தக் கோழியைத் தூக்கினான். அது ஓடவில்லை, கத்தவுமில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டைகளையே பார்த்தது.

"முட்டைய நம்ம பொட்டி பாத்துக்கும் புள்ள," என்றான்.

இரண்டு கிண்ணம் குடித்தாள். ருசியாக இருந்தது. அதைத்தான் அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை. மறுநாளே மார்பு கட்டிக்கொண்டு பால் வந்தது.

பக்கத்து வீட்டுப் பங்காரம்மா விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அடையில உக்காந்த கோழிய யாராச்சும் அறுப்பாங்களா கண்ணு? சொல்லியிருந்தா எங்கூட்டுச் சேவலத் தந்திருப்பனே."

அன்றிலிருந்து கனகத்தின் மனதில் அந்த எண்ணம் ஏறி உட்கார்ந்துகொண்டது. பையனுக்கு முன்னால் வயிற்றில் வந்தவை இரண்டும் தங்கவில்லை. இந்த முட்டைகள் பொரித்தால் இவன் தங்குவான். பொரிக்காவிட்டால் இவனும் போய்விடுவான். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பெட்டியின் மூடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அவள் தொட்டது முட்டையை அல்ல, பையனை.

அந்த வாரம் முழுக்க மழை. சுவரெல்லாம் ஈரம் ஏறி, ஓட்டுக்கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் அண்டாவில் விழும் சத்தமும் எதிர்ச்சாரி விசைத்தறிகளின் சத்தமும் ஒன்றாகக் கலந்து வீட்டை நிறைத்திருக்க, அதற்கடியில் வேறொரு வாடை மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. வெந்த இறகும் எச்சமும் கலந்த வெதுவெதுப்பான வாடை, அடைக்கூடைக்குள் தலையை விட்டால் வருமே, அது. கூடையைக் கழுவிக் கவிழ்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. முழங்கையில் ஊறலெடுத்தது. வெளிச்சத்தில் பார்த்தாள், பொடிப்பொடியாகக் கோழிப்பேன். கோழியே இல்லாத வீட்டில் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி தேங்காயெண்ணெய் தடவினாள்.

ஒரு காலை பெரிய இடி ஒன்று இடித்து, தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் வெடித்தது. தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. கனகம் பெட்டிக்கு ஓடினாள். பல்பு அணைந்து கிடந்தது. பழைய சேலையைச் சுற்றினாள், வெந்நீர் பாட்டில் வைத்தாள். இதெல்லாம் எத்தனை நேரம் தாங்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெந்நீர் ஆறியிருக்கும் என்று மத்தியானம் பயந்து பயந்து கையை உள்ளே விட்டாள்.

பாட்டில் ஆறியிருந்தது. முட்டைகள் ஆறவில்லை. இப்போதுதான் ஓர் உடம்பு எழுந்து போனதுபோல் சூடு. குறிகள் எல்லாம் மறுபக்கம் திரும்பியிருந்தன.

பயந்து கத்தியிருக்கவேண்டும். அவளுக்கு ஆறுதலாக இருந்தது. யாராக இருந்தால் என்ன, அணைத்துக்கொண்டிருக்கட்டும், பொரித்துக் கொடுக்கட்டும். சென்னியப்பனிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு சத்தமும் கேட்கத் தொடங்கியது. பெட்டிக்குப் பக்கத்தில் குனியும்போதெல்லாம், வெகு அருகில், அடித்தொண்டைக் கொர்ர்ர். நிமிர்ந்து காதுகொடுத்தால் நின்றுவிடும்.

"உடம்பு ஏன் இப்புடிக் கொதிக்குது?" சென்னியப்பன் அவள் கையைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டான். "சோறும் அப்புடியே இருக்குது."

"பசிக்கலீங்க."

"ஊசி போட்டுட்டு வரலாம், கெளம்பு."

"பொட்டிய உட்டுப்போட்டு எங்கீங்க வாரது?"

அவன் கரண்ட் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடைக்குப் போனான். டிரான்ஸ்பார்மர் மாற்ற ஆள் வரவே இல்லை.

பையன் விஷயம்தான் அவளுக்குப் புரியவில்லை. இடப்பக்கம் படுக்கவைத்த பிள்ளை வலப்பக்கம் கிடந்தான். தலையைத் தூக்கவே தெம்பில்லாதவன். பங்காரம்மா எட்டிப் பார்த்தபோது கேட்டாள்.

"நீங்க திருப்பிப் போட்டீங்களாக்கா?"

"நான் இப்பத்தானே வாரேன்." பங்காரம்மா தொட்டிலுக்குள் கைவிட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "நல்லாத் தேறிட்டான் கண்ணு. ஜில்லுனு கெடந்த கையி எப்புடி கதகதன்னு இருக்குது பாரு. ராத்திரிக்குப் பக்கத்துலயே போட்டுப் படு."

"தூக்கத்துல மேல பொரண்டுருவனோன்னு பயமாருக்குதுங்க்கா."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்று சிரித்தாள் பங்காரம்மா. பிறகு பெட்டியைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள். "அது பொரிக்கற நாள் வந்தாத் தெரியும். உள்ளருந்து கொத்தும், கீச்சுங்கும். தாய்க்கோழி வெளியில இருந்து கொக்கு கொக்குன்னு பதில் குடுக்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் குஞ்சுக்கு வெளிய வரத் தைரியம். பல்பு எங்கிருந்து பதில் குடுக்கப்போவுது?"

அந்த நாள் வந்தது. காலை முழுதும் கழிந்து, மழை இருட்டிக்கொண்டு வந்த மத்தியானத்தில்தான் கனகம் பெட்டிக்கு வந்தாள். கீச்சு இல்லை, கொத்தும் இல்லை. ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினாள். டார்ச்சின் வாயில் முட்டையை வைத்துப் பார்த்தாள். போன வாரம் இதே வெளிச்சத்தில் சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தன, ஒரு கறுப்புக் கண் துடித்து நகர்ந்திருந்தது. இப்போது உள்ளே கறுப்பாக ஏதோ சாய்ந்து அசைந்தது. கூமுட்டை. அடுத்ததும். அடுத்ததும்.

எல்லாம்.

பெட்டியின் அடியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. வெகு நேரமாகச் சூடே படாத குளிர்ச்சி. அப்படியானால் அணைத்துக்கொண்டிருந்தது எங்கே போயிற்று?

முழங்கால் வலித்தது. வெகு நேரம் குந்தியிருந்த வலி. காலையிலிருந்து தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வந்தது. தொட்டிலடியில்.

பையன்.

ஓடினாள். தொட்டில் சேலையை விலக்கினாள். பையன் இருந்தான். செக்கச்செவேலென்று, கன்னம் உப்பி, ஆழ்ந்த தூக்கத்தில். மூச்சு சீராக வந்தது. ஐயோ என் சாமி, இருக்கிறான், என் பிள்ளை இருக்கிறான். நெற்றியில் கைவைத்தாள். சுட்டது. காய்ச்சல் சூடு இல்லை. அடைச்சூடு.

டொக்.

மழைச் சொட்டு என்று நினைத்தாள். அண்டா அந்தப் பக்கம் இருந்தது.

டொக்.

உச்சிக்குழி. பச்சைப்பிள்ளையின் தலை நடுவே எலும்பு மூடாத மெத்தென்ற இடம். அங்கே தோல் துடிக்கும், எல்லாப் பிள்ளைக்கும் துடிக்கும். இது துடிப்பு இல்லை. தோல் ஒரே புள்ளியில், கூராக, உள்ளிருந்து மேலே எழும்பியது. அடங்கியது. எழும்பியது. பையன் தூக்கத்தில் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

கீச்.

மூடிய வாய்க்குள்ளிருந்து இல்லை. மேலேயிருந்து. அந்தப் புள்ளிக்கு அடியிலிருந்து.

பங்காரம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். "அக்கா" என்றுதான் கத்தினாள். ஆனால் அவள் அடித்தொண்டையிலிருந்து, மெல்ல, ஆசையாக வந்தது வேறு சத்தம்.

கொக். கொக். கொக்.

உள்ளே கொத்துவது வேகமாயிற்று.