கட்டைப்பைக்குள் கண்மாய்ப் பறவைகள்

பஸ் வருவதற்கு முன்பே ஆண்டியப்பனுக்கு வியர்த்துவிட்டது. ஒரு கட்டைப்பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் போகிற வருகிற எல்லோரையும் முறைத்தார்.

"அப்படி முறைக்காதீங்கப்பா. உள்ள என்னமோ இருக்குன்னு நாமளே ஊருக்குச் சொல்ற மாதிரி இருக்கு," என்றாள் அவர் மகள் சிவரஞ்சனி. ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

உள்ளே இருந்தது லேப்டாப். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப். அதற்குள் ஊர்க் கண்மாய்க்கு வந்த பறவைகள் எல்லாம் இருந்தன. ஒரு வருஷமாக அப்பாவின் போனில் அவள் எடுத்த படங்கள். இன்று புதுக்கோட்டையில் அறிவியல் கண்காட்சி. அவள் பள்ளிக்கூட ஜெபக்குமார் சார் அங்கே காத்திருக்கிறார். அவளுக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

லேப்டாப்புக்கென்று நல்ல பை ஒன்று வீட்டில் உண்டு. ஆண்டியப்பன் அதைத் தொடவே விடவில்லை.

"அந்தப் பையில கொண்டு போனா, திருடனுக்கு வெத்தலை பாக்கு வச்ச மாதிரித்தான். கட்டைப்பையில வச்சா எவனுக்கும் தெரியாது!"

துணிக்கடைக் கட்டைப்பைக்குள் லேப்டாப்பை வைத்து, மேலே ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினார். எவனுக்கும் தெரியாதுதான். வினையே அதில்தான் ஆரம்பித்தது.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. சீட்டில் இருந்த ஒரு அம்மா கையை நீட்டினார். "பையை இங்கிட்டுக் குடுங்கண்ணே. நான் வச்சுக்கிறேன்."

நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது நம் பஸ்களில் வழக்கம். ஆண்டியப்பன் அசையவில்லை. பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பை கம்பியில் 'டக்' என்று மோதியது.

"ஐயோ, ஒடஞ்சிரும்ப்பா!" சிவரஞ்சனி பையைப் பிடுங்கி அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் மடியில் ஏற்கெனவே யாரோ ஒரு பையனின் புத்தகப் பை இருந்தது. அதனால் காலடியில், தன் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்னவாசல் வந்தது. அந்த அம்மா அடித்துப் பிடித்து எழுந்தார். "இந்தா பாப்பா ஒம் பை!" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு கூட்டத்தில் புகுந்து இறங்கினார். விசில் அடித்தது. பஸ் கிளம்பியது.

சிவரஞ்சனி அந்த சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்தாள். மடி சுட்டது.

லேப்டாப்பை அணைத்துத்தானே வைத்தோம்? துண்டை எடுக்கப் போனாள். துண்டு இல்லை. ஒரு தூக்குவாளிதான் இருந்தது.

"அப்பா! பை மாறிப்போச்சு!"

அந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேர் தீபாவளிக்கு அந்த ஒரே கடையில்தான் துணி எடுக்கிறார்கள். பாதிப் பேர் வீட்டிலும் அதே கட்டைப்பைதான்.

"திருடி!" என்று கத்தினார் ஆண்டியப்பன். "கண்டக்டர், வண்டிய நிப்பாட்டுங்க! அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்!"

இறங்கிய இடம் பொட்டல் ரோடு. சிவரஞ்சனி அப்பாவின் போனை வாங்கி சாருக்குப் பேசினாள்.

"படத்துக்கு வேற காப்பி இருக்கா?" என்று கேட்டார் சார்.

"இல்ல சார். போன்ல எடம் இல்லைன்னு அழிச்சுட்டேன்."

சிவரஞ்சனி போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"வா, போலீசுக்குப் போவோம்," என்றார் அப்பா.

சிவரஞ்சனி தூக்குவாளியைத் திருப்பிப் பார்த்தாள். மூடியில் 'மீனம்மாள்' என்று பெயர் வெட்டியிருந்தது. திறந்தாள். ஆவி பறந்தது.

"திருடி யாராவது சுடுகஞ்சியை விட்டுட்டுப் போவாளாப்பா? பேரு வேற போட்டிருக்கு. காலையில கஞ்சி எடுத்துக்கிட்டு ஒருத்தங்க எங்க போவாங்க? ஆஸ்பத்திரிக்குத்தான்! வாங்க, அதுக்குள்ள ஆறிரும்."

ஒரு ஆட்டோவைக் கைகாட்டி ஏறினார்கள். அன்னவாசல் ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கட்டைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற எல்லோரையும் முறைத்தார்.

"அது எங்க பை, குடும்மா," என்று கை நீட்டினார் ஆண்டியப்பன்.

மீனம்மாள் ஒரு எட்டு பின்னால் போனார். "ஒங்க பைன்னு நான் எப்படி நம்புறது? உள்ள என்ன இருக்கு?"

"லேப்டாப்பு!"

"அதான் தொறந்து பாத்தேனே, எனக்கும்தான் தெரியும். வேற அடையாளம் சொல்லுங்க."

"என்னையே சந்தேகப்படுறியா?"

"முன்னப்பின்னத் தெரியாத ஆளு. சந்தேகப்படாம?"

ஆண்டியப்பன் பேச வேண்டியதையெல்லாம் அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார்.

சிவரஞ்சனி தூக்குவாளியை நீட்டினாள். "அத்தை, மொதல்ல கஞ்சியைக் குடுத்துட்டு வாங்க. நாங்க எங்கயும் போகமாட்டோம்."

மீனம்மாள் முகம் மாறியது. "தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்திருக்கு பாப்பா. பசியோட கெடக்கா," என்று வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கட்டைப்பையையும் விடாமல் தூக்கிக்கொண்டுதான் ஓடினார்.

"பையோட போறா பாரு!"

"வருவாங்கப்பா."

சிவரஞ்சனி சொன்னபடியே வந்தார். "ம், இப்ப அடையாளம் சொல்லு."

சிவரஞ்சனி லேப்டாப்பைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. "அத்தை, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்புங்க."

மீனம்மாள் திரும்பினார். ஆண்டியப்பன் எட்டிப் பார்த்தார்.

"நீங்களும்தான்ப்பா!"

தட்டினாள். திரை நிறைய நத்தைகுத்தி நாரை. அடுத்து மீன்கொத்தி. அடுத்து குஞ்சோடு நாமக்கோழி.

"ஆத்தாடி, கம்மாய்க் கோழி!" என்று மீனம்மாள் கையைத் தட்டினார். "இது ஒன்னோடதுதான் பாப்பா. எடுத்துக்க."

எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. சிவரஞ்சனி அங்கே ஓடினாள். "அண்ணே, ஒரு பென்டிரைவ்!"

"லேப்டாப்பக் குடு, நான் போட்டுத் தாரேன்," என்றார் கடைக்காரர்.

"வேணாம்ண்ணே, நானே போட்டுக்கிறேன்."

ஆண்டியப்பன் பின்னாலேயே வந்தார். "இது எதுக்கு?"

"லேப்டாப் தொலஞ்சாலும் படமெல்லாம் இதுல இருக்கும்ப்பா."

"இதுவும் தொலஞ்சா?"

சிவரஞ்சனி பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டாக் குடுப்பா," என்றார் ஆண்டியப்பன் கடைக்காரரிடம்.

இரண்டிலும் படங்களை ஏற்றினாள் சிவரஞ்சனி. ஒன்று ஆண்டியப்பன் சட்டைப் பைக்குள் போனது. இன்னொன்றோடு நேராக ரோட்டைக் கடந்து மீனம்மாளிடம் போனார்.

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் இது ஒங்கிட்ட இருக்கட்டும் தங்கச்சி."

சிவரஞ்சனிக்குக் கண் விரிந்தது. "நீங்கதான் யாரையும் நம்பமாட்டீங்களேப்பா?"

"நம்பமாட்டேன்தான். ஆனா பைக்குச் சொந்தக்காரன் கேட்டே குடுக்காத பொம்பளைய இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

மீனம்மாள் பென்டிரைவை முந்தானையில் முடிந்து இறுக்கினார்.

"நீங்க வந்து கேட்டாக் குடுக்கமாட்டேன்ணே. பாப்பா வரணும்!"