செம்புத் தகடு

உறையைக் கிழித்து வெளியே எடுத்தபோது அந்தப் புது ஹார்ட் டிஸ்க் சூடாக இருந்தது.

பிரபாகரன் அதை உள்ளங்கையில் வைத்தபடியே யோசித்தான். சீல் உடையாத அட்டைப்பெட்டி, அதற்குள் நுரைப்பஞ்சு, அதற்குள் வெள்ளி நிற உறை. இன்னும் ஒரு ஒயர்கூட மாட்டாத சாமான். ஏசி ஓடுகிற அறையில், யாரோ இவ்வளவு நேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்து கொடுத்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. விரலைப் பார்த்தான். கட்டைவிரல் நுனியில் வெள்ளி மினுக்கம். உறையின் பூச்சு உரிந்திருக்கும் என்று பேன்ட்டில் துடைத்தான். பேன்ட்டில் ஒட்டியதே தவிர, விரலை விட்டுப் போகவில்லை.

பட்டாசு ஊரில் பிறந்தவனுக்கு அந்த மினுக்கம் தெரியாமல் இருக்காது. அலுமினியப் பொடி. வெடிமருந்து ரூமில் வேலை பார்க்கிறவர்களின் கைரேகைக்குள் ஏறி, எந்த சோப்புக்கும் இறங்காத பொடி.

"கடையிலயே ஒட்டியிருக்கும்" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். அவனுடைய கம்ப்யூட்டர் கடை திருத்தங்கலில் இருந்தது. அங்கே எந்தக் காலத்திலும் அலுமினியப் பொடி இருந்ததில்லை.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் இந்தப் பட்டாசுக் கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேன் கண்ணுச்சாமி அவனை நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டுகளில் ஆள் இல்லை. உச்சி வெயிலில், ஆனைக்குட்டம் போகிற சாலையில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை.

"போனை எடுத்து வையி."

"அண்ணே, இன்னைக்கு லீவுதானே. ஷெட்டுப் பக்கமே போகமாட்டேன்."

"லீவுன்னா மருந்தெல்லாம் மல்லாங்கிணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருச்சாக்கும்? வையிலே."

போனும் பைக் சாவியும் கண்ணுச்சாமியின் தகரப் பெட்டிக்குள் போயின.

"அதென்ன சட்டை, மினுமினுங்குது?"

"பாலியஸ்டருண்ணே."

"மாடத்தி இருந்திருந்தா கேட்டுலயே கழட்ட வச்சிருப்பா."

பிரபாகரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கண்ணுச்சாமி முன்னால் நடந்தார்.

சர்வர் அறை ஒரு காலத்தில் மருந்துச் சரக்கு வைக்கும் அறையாக இருந்தது. ஜன்னலை அடைத்து, ஏசி வைத்து, கனமான இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். அந்த வளாகத்தில் எந்த ஷெட்டுக் கதவும் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். தீப்பிடித்தால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். இது ஆபீஸ்தானே என்று இதை மட்டும் உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். வாசல் சுவரில் பழைய செம்புத் தகடு அப்படியே இருந்தது. மருந்து இருக்கும் அறைக்குள் போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் விரல் நுனியில் கிளம்பும் ஒரு பொறி போதும்.

"தொட்டாச்சா?" என்றார் கண்ணுச்சாமி.

பதினேழாம் ரூமில் வேலை பார்த்த மாடத்தி கேட்கிற கேள்வி அது. முதலாளியே வந்தாலும் கேட்பாள். அவள் போன பிறகு அது கண்ணுச்சாமி வாய்க்கு வந்திருந்தது.

"கம்ப்யூட்டருக்குமாண்ணே?" பிரபாகரன் சிரித்துக்கொண்டே தொடாமல் உள்ளே போனான். "ஏசி வெளிய போகுது, கதவைச் சாத்திருங்க."

"இந்தப் பூட்டு உள்ளேருந்து திறக்க மக்கர் பண்ணும்லே. நான் சாப்பிட்டு வந்து திறந்துவிடுறேன். நாலு டப்பாவைச் சொருக எம்புட்டு நேரம் ஆகப்போகுது?"

சர்வரின் வயிற்றுக்குள் நாலு இடங்கள் காலியாக இருந்தன. மூன்று மாதத்துக்கு முன் அவற்றைக் காலி செய்தவனே அவன்தான். பதினேழாம் ரூம் வெடித்த அன்று, ஆம்புலன்ஸ் கிளம்பிய கையோடு முதலாளி காசிராஜன் அவனை வரவழைத்தார். கேமரா பதிவை ஒரே ஒரு தடவை பார்த்தான். நாலு பேர் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். முன்வாசல் பக்கம் தீ. நாலு பேரும் பின்கதவுக்கு ஓடுகிறார்கள். அது வெளியே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. சீசன் நேரத்தில் அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று முதலாளி பூட்டச் சொன்னது. எட்டு உள்ளங்கைகள் கதவில் அடிக்கின்றன. அடித்துக்கொண்டே இருக்கின்றன. பிறகு படம் வெள்ளை.

"இது வெளிய போனா கம்பெனியை மூடிருவாங்க பிரபாகரா. நானூறு குடும்பம். உங்க அக்கா செல்வலட்சுமியும் இங்கனதானே பேக்கிங்ல இருக்கு?" என்றார் முதலாளி.

நாலு டிஸ்க்கையும் தன் கடைக்குக் கொண்டுபோய் டிரில் போட்டுத் துளைத்தான். மின்கோளாறில் பதிவு அழிந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். நாளை அதிகாரிகள் மறுபடி வருகிறார்கள். கேமராக்கள் ஓட வேண்டும். இன்று இந்த நாலையும் மாட்டிவிட்டால் இந்த வாசலை இனி மிதிக்க வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மணிக்கட்டில் கைப்பட்டையைக் கட்டி, அதன் ஒயரைச் சர்வரின் இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டான். செம்புத் தகடு ஆளைக் காப்பாற்றுவது போல, இது டிஸ்க்கைக் காப்பாற்றும். வெதுவெதுப்பான முதல் டிஸ்க்கை டிரேயில் வைத்துத் திருகி, உள்ளே தள்ளினான்.

க்ளிக்.

கதவுக்கு வெளியே, தகட்டின் மேல் ஒரு உள்ளங்கை பதிகிற சத்தம் கேட்டது. தப்.

"அதுக்குள்ள சாப்பிட்டாச்சாண்ணே?"

ஏசியின் உறுமல் மட்டும். அதன் குளிரோடு லேசாகக் கந்தக வாடை வந்தது. இந்த ஊரில் காற்றே அப்படித்தான் என்று அடுத்த பெட்டியைப் பிரித்தான். இரண்டாவது டிஸ்க்கும் வெதுவெதுவென்று இருந்தது. அதன் மேல் நாலு விரல் தடங்கள், வெள்ளியில். துடைத்தான். போகவில்லை. அப்படியே தள்ளினான்.

க்ளிக். தப்.

இந்தத் தடவை தகட்டின் மேலிருந்து கையை எடுத்த சத்தமும் கேட்டது. வியர்த்த தோல் செம்பிலிருந்து மெல்லப் பிரிகிற சத்தம். பிறகு கதவுக்கு வெளியே வெறுங்காலை மாற்றி வைக்கிற சரசரப்பு. கண்ணுச்சாமி செருப்பு இல்லாமல் நடப்பவர் இல்லை.

மூன்றாவதை மாட்டும்போது டிரே பாதியில் சிக்கியது. அதை அவன் தள்ளவில்லை. அதுவாகவே உள்ளே போனது.

க்ளிக். தப்.

"தொட்டாச்சு" என்றது ஒரு ஆண்குரல். பெத்தணன் குரல். பதினேழாம் ரூமில் மாடத்தியோடு செத்துப்போன பெத்தணன்.

கைப்பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவுக்கு ஓடினான். கைப்பிடியைத் தொட்டதும் சுளீரென்று ஒரு பொறி விரலைக் கடித்தது. கையை உதறிவிட்டு மறுபடி பிடித்து இழுத்தான். பூட்டு அசையவில்லை. "அண்ணே! கண்ணுச்சாமிண்ணே!" இரும்பில் அடித்தான். உள்ளங்கை வலிக்க அடித்தான். அடித்துக்கொண்டிருந்தபோதே, இப்படி அடித்த எட்டுக் கைகளை எங்கே பார்த்தோம் என்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று நிறுத்தினான்.

நிறுத்திய பிறகும் இரண்டு அடி கேட்டது. வெளியிலிருந்து.

போன் இல்லை. ஜன்னல் இல்லை. ஆனால் கேமரா இருக்கிறது. நாலாவது டிஸ்க்கையும் மாட்டினால்தான் சர்வர் ஓடும். ஓடினால் மானிட்டரில் கேட்டைப் பார்க்கலாம், கண்ணுச்சாமி எங்கே இருக்கிறார் என்று தெரியும். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். கைப்பட்டையை மறுபடி கட்டினான். நாலாவது உறையைக் கிழித்தபோது உள்ளேயிருந்து பொடி புகையாக எழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினான்.

க்ளிக்.

வெளியே தகடு அமைதியாக இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். முடிந்துவிட்டது என்று அவன் நம்ப ஆரம்பித்தபோது,

தப்.

"தொட்டாச்சு" என்றாள் மாடத்தி.

சுவிட்சைப் போட்டான். மானிட்டர் விழித்தது. கட்டம் கட்டமாகப் படங்கள். கேட்டில் வேப்பமரத்தடியில் கண்ணுச்சாமி தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பிரபாகரனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. காலி ஷெட்டுகள். காலிப் பாதைகள்.

பதினேழாவது கட்டம்.

அங்கே புதிதாக வைத்த கேமராவில் கரிந்த தரை மட்டும்தான் தெரிய வேண்டும். ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் தெரிந்தது. மருந்துத் தட்டுகள் தெரிந்தன. மூலையில் இன்றைய தேதியும் இப்போதைய நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. முன்வாசலில் தீ. நாலு பேர் பின்கதவில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கேமராக்களில் ஒலிப்பதிவு கிடையாது. அடிக்கிற சத்தம் இந்த அறையின் இரும்புக் கதவில் கேட்டது.

அவன் டிரில் போட்டுத் துளைத்த பதிவு. புது டிஸ்க்கில். அவன் அன்று பார்த்த அதே படம், அதே வரிசையில். ஆனால் வெள்ளையாக வேண்டிய இடத்தில் வெள்ளையாகவில்லை.

அடிப்பதை நிறுத்தினார்கள். திரும்பினார்கள். நாலு பேரும் கேமராவைப் பார்த்தார்கள். மாடத்தி முதலில் நடந்தாள். கேமராவுக்கு அடியில் வந்து, படத்தை விட்டு வெளியே போனாள். அவள் பின்னால் பெத்தணன். இன்னும் இருவர்.

பதினேழாம் ரூம் காலி.

ஏசியிலிருந்து பனி மாதிரி ஏதோ இறங்கியது. பனி இல்லை. குழல் விளக்கின் வெளிச்சத்தில் மினுங்கியது. பிரபாகரன் துள்ளி எழுந்தான். கைப்பட்டையின் ஒயர் அறுந்து சர்வரோடு தொங்கியது. கதவருகே போய் நின்றான்.

பொடி அறை முழுக்க நிறைந்தது. தரையில் வெள்ளிக் கால்தடங்கள். வெறுங்கால்கள். சர்வரிலிருந்து கதவை நோக்கி. ஒவ்வொன்றாக.

கைப்பிடிக்கு நீட்டிய கையை அப்படியே நிறுத்தினான்.

முழங்கை மயிர் அத்தனையும் நின்றுகொண்டிருந்தது. பாலியஸ்டர் சட்டை தோலில் சடசடவென்று பொரிந்தது. விரல் நுனியில் அந்தக் கடி காத்திருந்தது. சற்று முன் காற்றில் பொடி இல்லை. இப்போது இருக்கிறது. இரும்பைத் தொட்டால் பொறி. பொறி விழுந்தால்...

தொடக்கூடாது. எதையும். அசையக்கூடாது.

கையை மெல்ல இழுத்தான். பின்னால் ஒரு அடி வைத்தான்.

வைக்க இடமில்லை. முதுகில் உள்ளங்கைகள் பதிந்தன. எட்டு. வெதுவெதுப்பாக. அதே வெதுவெதுப்பு. ஒரு கை அவன் மணிக்கட்டுக்கு அடியில் வந்து, குழந்தையின் கையைத் தூக்குவது போல, அவன் கையைக் கைப்பிடியை நோக்கித் தூக்கியது. ஓர் அங்குலம் இருக்கும்போது நிறுத்தியது.

வெளியே செருப்புச் சத்தம்.

"ஏலே பிரபா, முடிஞ்சிருச்சா? திறக்கவா?"

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். வாய்க்குள் பொடி. நாக்கில் உலோகக் கசப்பு. இருமல்தான் வந்தது.

சாவி பூட்டுக்குள் நுழைந்தது.

"தொட்டாச்சாலே?" சிரித்துக்கொண்டே கேட்டார் கண்ணுச்சாமி.

பிரபாகரனின் காதுக்குப் பின்னாலிருந்து நாலு குரல்கள் சேர்ந்து சொல்லின.

"நாங்க தொட்டாச்சு."

மானிட்டரில் பதினேழாவது கட்டத்தில் இப்போது ஐந்து பேர் கதவைப் பார்த்து நின்றார்கள். முன்னால் நிற்பவனின் சட்டை மினுமினுத்தது. சாவி திரும்பியது. கைப்பிடி கீழே இறங்கியது.

கதவு உள்பக்கமாகத் திறக்க ஆரம்பித்தது.