கருவில் விழுந்த மேற்குறி

செந்தளிர் கருவுற்றதிலிருந்து அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஈரோட்டில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கர்ப்பிணியைக் கண்டால் பால்காரர்கூடச் சிரிப்பார். இழவே விழுந்தாலும் பிள்ளை பிறக்கும்வரை அவளிடம் மூச்சு விட மாட்டார்கள்.

எல்லாம் மேற்குறிமானி என்ற கருவி வந்த வினை. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. ஆனால் அதில் எந்த வரி இயங்க வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்று வாழ்க்கை அதன்மேல் குறி இட்டுக்கொண்டே இருக்கிறது. பசிக்கு ஒரு குறி, பயத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. தாய் பட்டது கருவிலும் படியும். துக்கக் குறியோடு பிறந்த பிள்ளை சின்ன அதட்டலுக்கும் நாளெல்லாம் நடுங்கும். கருவின் குறிகளை மானி படித்துச் சொல்லத் தொடங்கியதும், கெட்ட சேதியை மறைக்கும் பழைய வழக்கத்தை ஊர் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது.

ஏழாம் மாதத்தில், காங்கேயத்திலிருந்து தினமும் பேசும் அப்பாவின் அழைப்பு நின்றுபோனது. செந்தளிர் மாமியார் ஸ்வேதாவிடம் கேட்டாள். சம்பந்தி நன்றாக இருக்கிறார், தோட்டத்தில் வேலை அதிகம் என்று சிரித்தாள் ஸ்வேதா. கணவன் பரிதியும் அதே சிரிப்போடு அதையே சொன்னான்.

அந்தச் சிரிப்பு செந்தளிருக்குத் தெரியும். போன வருடம், கர்ப்பமாயிருந்த பக்கத்து வீட்டு மகிழினியின் அண்ணன் இறந்தபோது, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று கூசாமல் சிரித்தவள் செந்தளிரேதான். அப்பா போய்விட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் மறுபடி கேட்கவில்லை. பிள்ளைக்கு ஆகாதே என்று அழுகையை விழுங்கினாள். காரியம் முடிந்திருக்கும் என்று தோன்றும்வரை கறி தொடவில்லை. நெஞ்செரிச்சல் என்று சமாளித்தாள். யார் சிரித்தாலும் பதிலுக்குச் சிரித்தாள். பெற்ற தகப்பனுக்கு வாய்விட்டு அழ முடியாத பாவியானேனே என்று உள்ளே வெந்தாள்.

ஒன்பதாம் மாதம் மருத்துவமனையில் மானியைப் பார்த்த மருத்துவர் இன்பநிலா சிரிக்க மறந்துவிட்டார்.

“வீட்ல யாருங்க தவறிட்டாங்க?”

“ஒருத்தரும் இல்லீங்களே” என்றாள் ஸ்வேதா.

செந்தளிரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “எங்கப்பா செத்ததை இன்னும் எத்தனை நாளைக்குங்க அத்தை மறைப்பீங்க?”

பரிதி திகைத்துப் போனான். மாமாவுக்கு வெறும் இருமல்தான், போன வாரம்வரை விடவில்லை, தொண்டை கட்டியிருந்தது, அந்தக் குரலைக் கேட்டு அவள் கலங்கிவிடக் கூடாதென்று நாங்கள்தான் அவரைப் பேச வேண்டாம் என்றோம் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். செந்தளிர் நம்பவில்லை. உடனே காங்கேயத்துக்கு ஆள் போனது.

மதியம் அப்பா வந்து நின்றார், கொஞ்சம் இளைத்து. செந்தளிர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். மருத்துவர் அவசரமாக அவள் வயிற்றைக் கண்ணால் காட்டி, அழவிடாதீர்கள் என்று அவருக்குச் சைகை செய்தார்.

“நெசமாவே இருமல்தானாங்கப்பா? வேற ஒண்ணுமில்லையே?”

அப்பா மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். “இருமல்தான் அம்மணி. இப்பச் சுத்தமா நல்லாப் போச்சு.”

அவர் சொன்னது சத்தியமான உண்மை. செந்தளிர் அந்தச் சிரிப்பையே பார்த்தாள். பிறகு, இன்னும் எத்தனை நாள் இருப்பாரோ என்று அவர் தோளில் சாய்ந்து மறுபடி அழத் தொடங்கினாள்.